'ஏ' போட்டுத் திறந்தால் மொய்க் கணக்கு பத்திரமா?

கேள்வி, பிப்ரவரி 3, மாலை 6.12

அண்ணே, தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். சின்ன அக்காவுக்கு மாசியில் கல்யாணம். மொய் எழுதுவதற்குப் பைத்தானில் சின்னதாக ஒரு புரோகிராம் செய்து வைத்திருக்கிறேன். பெயர், ஊர், தொகை மூன்றையும் வாங்கி ஃபைலில் ஒரு வரியாகச் சேர்க்கும், அவ்வளவுதான். ஃபைலை அப்பெண்ட் மோடில், அதாவது 'ஏ' போட்டுத் திறக்கிறேன். 'ஏ' போட்டுவிட்டால் எது நடந்தாலும் பழைய வரி அழியாது, அதனால் தனியாக நோட்டு எதுவும் வேண்டாம் என்று அப்பச்சியிடம் சொல்லிவிட்டேன். சரிதானே?

பிப்ரவரி 3, இரவு 9.50

பாதி சரி தம்பி. மீதிப் பாதியை அப்பச்சியிடம் இன்றைக்கே மாற்றிச் சொல்லிவிடுங்கள். நோட்டு வேண்டும்.

சரியான பாதியை முதலில் சொல்கிறேன். 'டபிள்யூ' போட்டுத் திறந்தால் திறந்த நொடியிலேயே ஃபைல் காலி. ஒரு எழுத்துகூட எழுத வேண்டாம், திறந்தாலே உள்ளே இருந்ததெல்லாம் போய்விடும். 'ஏ' அப்படிச் செய்யாது. ஃபைல் இருந்தால் கடைசியில் போய் நிற்கும், இல்லாவிட்டால் புதிதாக ஒன்றை உண்டாக்கும். 'எக்ஸ்' என்று இன்னொன்றும் உண்டு, பைத்தான் 3.3-இல் வந்தது. ஃபைல் ஏற்கெனவே இருந்தால் திறக்கவே மறுத்துவிடும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஆறு வருடத்துக்கு முன் கண்டனூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். வீட்டு முகப்பில் மேசை போட்டு லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் எங்கள் ஐயா. அவர் பாட்டுக்கு மூலையில் மஞ்சள் தடவி, மேலே பிள்ளையார் சுழி போட்ட நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். "எதுக்கு ஐயா சிரமப்படுறீங்க, அதான் கம்ப்யூட்டர்ல ஏறுதே" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். காதில் வாங்கவில்லை. தாலி கட்டி முடிந்ததும் ஒரே கூட்டம், முதல் பந்தி எழுவதற்குள் 214 பேர். திரையில் ஒரு பொத்தான் வேலை செய்யாமல் போகவே புரோகிராமை மூடிவிட்டு மறுபடி திறந்தேன். அது தொடங்கும்போதே 'டபிள்யூ' போட்டுத்தான் ஃபைலைத் திறக்கும்படி எழுதியிருந்தேன். 215-ஆவது ஆளை ஏற்றிவிட்டுப் பார்த்தால் ஃபைலில் ஒரே ஒரு வரி. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஐயா ஒன்றும் கேட்கவில்லை. நோட்டை என் பக்கம் திருப்பி வைத்து முதல் வரியில் விரலை வைத்தார். அன்று சாயங்காலம் வரை அதைப் பார்த்துப் பார்த்துத்தான் தட்டினேன்.

அன்று இரவே 'ஏ'-க்கு மாறிவிட்டேன். மாறின பிறகும் இரண்டு கல்யாணத்தில் வரிகள் போயிருக்கின்றன. அதை நாளைக்கு எழுதுகிறேன்.

பிப்ரவரி 4, காலை 7.15

'ஏ' போட்டும் எப்படிப் போகும் என்று இரவே கேட்டிருக்கிறீர்கள். எழுதின வரி வட்டுக்குப் போய்ச் சேராமலேயே போகும்.

நீங்கள் 'ரைட்' என்று சொன்னதும் பைத்தான் அந்த வரியை ஃபைலில் போட்டுவிடுவதில்லை. தன் கையில் ஒரு பையில் சேர்த்து வைத்துக்கொள்கிறது, பை நிறைந்த பிறகுதான் கொட்டுகிறது. பைத்தானின் பல பதிப்புகளில் அந்தப் பை 8192 பைட். ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கு ஒரு பைட் என்றால் நமக்கு யூடிஎஃப்-8-இல், அதாவது எழுத்துகளைப் பைட்டாக்கிச் சேமிக்கும் முறையில், ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். 'காரைக்குடி' என்று எழுதிப் பாருங்கள். பார்வைக்கு ஐந்து எழுத்து. உள்ளே கா என்பது க-வும் துணைக்காலும், ரை என்பது ர-வும் ஐகாரக் குறியும் என்று எண்ணிக்கொண்டே போனால் பத்துக் குறி, 30 பைட். பெயர், ஊர், தொகை எல்லாம் சேர்ந்து ஒரு மொய் வரி 120, 130 பைட் வரும் என்று வையுங்கள், 8192 நிறைய அறுபது வரிக்கு மேல் வேண்டும். அறுபது பேர் பணம் கொடுத்துவிட்டுப் பந்திக்குப் போயாகிவிட்டது, கணக்கு இன்னும் பைக்குள்ளேயே இருக்கிறது.

எனக்குப் புதுவயலில் 38 வரி போனது இப்படித்தான். அது பழைய மேசைக் கணினி. மண்டபத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் அணைந்துவிட்டது. கணினி எழுந்து வந்ததும் திறந்து பார்த்தேன், பழைய வரி ஒன்றும் அழியவில்லை. 'ஏ' தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. கடைசி 38 பேர் மட்டும் இல்லை.

ஆகவே ஒவ்வொரு வரிக்குப் பிறகும் பையைக் கொட்டச் சொல்லும் 'ஃபிளஷ்' கூப்பிடுங்கள். அல்லது ஒவ்வொரு வரிக்கும் 'வித்' போட்டுத் திறந்து, எழுதி, மூடிவிடுங்கள், மூடும்போது பை தானாகக் காலியாகும். மொய் எழுதும் வேகத்துக்கு இது ஒரு பாரமே இல்லை, எவ்வளவு கூட்டமானாலும் நிமிடத்துக்கு நாலு பேரைத் தாண்டாது.

பிப்ரவரி 4, இரவு 11.05

காலையில் எழுதினதில் ஒரு முக்கியமான குறை இருக்கிறது. 'ஃபிளஷ்' போதும் என்கிற மாதிரி எழுதிவிட்டேன், போதாது. அது பைத்தான் பையிலிருந்து இயங்குதளத்தின் பைக்கு மாற்றும், அவ்வளவுதான். புரோகிராம் செத்தாலும் அது பத்திரம். கரண்ட் போனால் பத்திரமில்லை, ஏனென்றால் லினக்ஸ் அதைத் தன் நினைவகத்தில் சற்று நேரம், அரை நிமிடம் வரைகூட வைத்திருந்துதான் வட்டுக்கு இறக்கும். 'வித்' போட்டு மூடினாலும் இதே கதைதான். வட்டுக்கே போக வேண்டுமென்றால் 'ஃபிளஷ்' கூப்பிட்ட பிறகு ஓஎஸ் மாட்யூலில் உள்ள 'எஃப்சிங்க்' கூப்பிட வேண்டும். வரிசை முக்கியம். முதலில் ஃபிளஷ், அப்புறம் எஃப்சிங்க். மாற்றிப் போட்டால் பைத்தான் பையில் இருப்பது அங்கேயே கிடக்கும்.

இது தெரியாமல் பள்ளத்தூரில் நான் பட்டதைச் சொல்ல வேண்டும். ஃபிளஷ் மட்டும் போட்டிருந்தேன். கரண்ட் போனது, வந்தது, புரோகிராமைத் திறந்தேன், அது பாட்டுக்கு மேற்கொண்டு எழுதியது. சாயங்காலம் கூட்டுத்தொகை எடுக்கப் போனால் ஃபைலைப் படிக்கவே முடியவில்லை, யூனிகோட் பிழை. முழு ஃபைலும் படிக்க மறுக்கிறது. வீட்டுக்காரர்கள் பணத்தை எண்ணி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

ஃபைலைப் பைட் பைட்டாகத் திறந்து பார்த்தேன். கரண்ட் போன இடம் சரியாக 12288-ஆவது பைட்டில் இருந்தது. அது 4096-ஐ மூன்றால் பெருக்கினது. லினக்ஸ் நினைவகத்தில் இருப்பதை 4096 பைட் கொண்ட பக்கம் பக்கமாக வட்டுக்கு இறக்குகிறது. மூன்றாம் பக்கம் இறங்கிவிட்டது, நாலாம் பக்கம் இறங்குவதற்குள் கரண்ட் போய்விட்டது. மூன்றாம் பக்கத்தின் கடைசியில் ஒரு 'க'. க-வுக்கு 224, 174, 149 என்று மூன்று பைட். அதில் 224-உம் 174-உம் மட்டும் இருக்கின்றன, 149 இல்லை. எழுத்தே பாதியில் அறுந்து கிடக்கிறது. அதன் மேலேயே ஒட்டினாற்போல அடுத்த ஆளின் வரிசை எண். ஏனென்றால் 'ஏ' ஃபைலின் கடைசிக்குப் போகும், புதுவரிக்குப் போகாது. கடைசி வரி முடிந்ததா, பாதியில் நிற்கிறதா என்று அது பார்ப்பதே இல்லை.

இதற்கு என்ன செய்வது என்பதை எழுத இப்போது கண் சொருகுகிறது.

பிப்ரவரி 5, காலை 6.40

புரோகிராம் தொடங்கும்போது முதல் வேலையாக 'ஏபி+' போட்டு, அதாவது பைட்டாகவும் படிக்கவும் சேர்த்துத் திறந்து, கடைசி ஒரு பைட்டைப் படியுங்கள். அது 10, அதாவது புதுவரிக் குறியின் எண், என்றால் வரி ஒழுங்காக முடிந்திருக்கிறது. 10 இல்லையென்றால் ஒரு புதுவரிக் குறியைச் சேர்த்துவிட்டு மேற்கொண்டு போங்கள். அறுந்த வரி அறுந்தபடியே தனியாக நிற்கும், அடுத்தவர் மேல் ஒட்டாது. படிக்கும் இடத்தில் பிழை வந்தால் 'ரீப்ளேஸ்' என்று கொடுத்தால் அந்த அரை எழுத்து கறுப்புக் கட்டத்தில் ஒரு கேள்விக்குறியாக வரும், மற்ற வரிகளெல்லாம் சுத்தமாக வரும்.

'பி' இல்லாமல் எழுத்து மோடில் திறந்துவிட்டுக் கடைசியிலிருந்து ஒன்று பின்னால் போ என்றால் பைத்தான் விடாது. பைட் மோடில்தான் முடியும்.

பிப்ரவரி 5, மதியம் 1.30

மேலே சொன்னதை அப்படியே போட்டால் முதல் நாள் முதல் ஓட்டத்திலேயே நின்றுவிடும். ஃபைல் காலியாக இருக்கும்போது கடைசியிலிருந்து ஒரு பைட் பின்னால் போகச் சொன்னால் போவதற்கு இடம் ஏது, பிழைதான். அளவு பூஜ்யமா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

பிப்ரவரி 6, இரவு 10.20

கானாடுகாத்தானிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். 'ஏ+' போட்டுத் திறந்து 'ரீட்' செய்தால் ஒன்றுமே வரவில்லையாம், ஃபைலில் எல்லாம் இருக்கிறதாம், பைத்தானில் கோளாறா என்கிறார். இல்லை அக்கா. 'ஏ+' திறந்ததும் நீங்கள் நிற்பது கடைசியில். அங்கிருந்து மேற்கொண்டு படிக்க ஒன்றுமில்லை, அதனால் காலி வருகிறது. 'சீக்' போட்டுப் பூஜ்யத்துக்குப் போய்விட்டுப் படித்தால் எல்லாம் வரும். சி மொழியில் லினக்ஸின் ஜிலிப்சி நூலகத்தில் 'ஏ+' திறந்தால் படிப்பது தொடக்கத்திலிருந்துதான், அதனால் சியிலிருந்து வருகிறவர்கள் இங்கே தடுமாறுகிறார்கள்.

ஆனால் சீக் போட்டு முன்னால் போய்விட்டு எழுதினால் முன்னால் எழுதும் என்று நினைத்துவிடாதீர்கள். லினக்ஸில் நீங்கள் எங்கே நின்றாலும் எழுத்து கடைசியில்தான் போய் விழும். படிக்கிற விரல் எங்கே வேண்டுமானாலும் போகலாம், எழுதுகிற பேனா கடைசி வரியை விட்டு நகராது. எனக்கு 'ஏ' மோடில் மிகவும் பிடித்தது இதுதான்.

பிப்ரவரி 7, இரவு 9.10

தேவகோட்டைத் தம்பி கேட்டது: பேனா நகராதென்றால் தப்பாக எழுதின தொகையை எப்படித் திருத்துவது, அதற்கு மட்டும் 'ஆர்+' போட்டு, அதாவது இருப்பதை அழிக்காமல் படிக்கவும் எழுதவும் திறந்து, அந்த இடத்தில் மாற்றலாமா.

தயவுசெய்து வேண்டாம். செய்து பார்த்தவன் சொல்கிறேன். 87-ஆம் எண்ணில் ஒருவர் 5001 கொடுத்தார், நான் 501 என்று தட்டிவிட்டேன். அவர் மகன் வந்து சொன்னதும் 'ஆர்+' போட்டு, 501 தொடங்கும் இடத்துக்கு சீக் செய்து 5001 என்று எழுதினேன். ஃபைல் விலகி இடம் கொடுக்காது, இருப்பதன் மேலேயே எழுதும். மூன்று எழுத்து இருந்த இடத்தில் நாலு எழுத்து எழுதினால் நாலாவது எதன் மேல் விழும்? வரி முடிவில் இருந்த புதுவரிக் குறியின் மேல். அந்தக் குறி போனதும் அடுத்த வரி இதோடு வந்து சேர்ந்தது. அடுத்த வரியின் எண் 88. ஆக 87-ஆம் ஆளின் தொகை 5001, ஒட்டினாற்போல 88, சேர்த்துப் படித்தால் 500188. ஐந்து லட்சத்து நூற்றி எண்பத்தெட்டு ரூபாய் மொய். 88-ஆம் ஆள் பட்டியலிலேயே இல்லை. அன்று மாலை பெட்டியிலிருந்த பணத்துக்கும் கணக்குக்கும் ஐந்து லட்சம் இடித்தபோது அந்த வீட்டு ஆச்சிக்கு வியர்த்துவிட்டது.

ஐயா என்ன செய்வார் என்று பார்த்திருக்கிறேன். தப்பான தொகையைச் சுரண்டமாட்டார், மேலேயே அழுத்தி எழுதவும் மாட்டார். அதை அப்படியே விட்டுவிட்டு, அந்த நேரத்தில் நோட்டில் எந்த வரி காலியோ அங்கே "87-க்குத் திருத்தம், 5001" என்று எழுதிப் பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போடுவார். நானும் இப்போது அதைத்தான் செய்கிறேன். திருத்தமும் ஒரு வரிதான், அதுவும் 'ஏ' போட்டுக் கடைசியில்தான் சேரும். கூட்டுத்தொகை எடுக்கும் புரோகிராம் ஒரே எண்ணுக்கு இரண்டு வரி கண்டால் பிந்தினதை எடுத்துக்கொள்ளும். முதலில் என்ன எழுதினோம், எப்போது மாற்றினோம் என்பது இரண்டும் ஃபைலிலேயே இருக்கிறது. பிறகு யாராவது "நான் ஐயாயிரத்து ஒண்ணு குடுத்தேனே" என்று கேட்டால் எடுத்துக் காட்டலாம். மொய் திரும்பச் செய்ய வேண்டிய முறை, இருபது வருடம் கழித்தும் அந்த நோட்டைத் தேடுவார்கள்.

பிப்ரவரி 8, காலை 8.00

இதற்கு வரிசை எண் கட்டாயம் வேண்டும். 'ஏ' கேட்டதையெல்லாம் சேர்க்கும். என்டர் இரண்டு தடவை அழுந்தினால் ஒரே ஆள் இரண்டு வரி. எண் இருந்தால் பிடித்துவிடலாம். பெயரை வைத்துப் பிடிக்க முடியாது, நம் பக்கம் ஒரே பெயரில் ஒரே ஊரில் நாலு பேர் இருப்பார்கள்.

பிப்ரவரி 12, இரவு 10.45

பெண் வீட்டுக்கு ஒரு மேசை, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மேசை, இரண்டு லேப்டாப், ஃபைல் ஒன்று, அதை வைஃபையில் பகிர்ந்து இரண்டும் 'ஏ' போட்டு எழுதலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஒரே கணினியில் இரண்டு புரோகிராம் என்றால் லினக்ஸில் இது நன்றாகவே நடக்கும். கடைசிக்குப் போவதையும் எழுதுவதையும் இயங்குதளம் ஒரே மூச்சில் செய்கிறது, நடுவில் இன்னொருவர் நுழைய முடியாது. முழு வரியும் ஒரே தடவையில் எழுதப்பட்டுப் போக வேண்டும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பெயரை ஒரு தடவை, ஊரை ஒரு தடவை, தொகையை ஒரு தடவை என்று தனித்தனியாக இறக்கினால் இரண்டு பேருடையதும் பின்னிக்கொள்ளும்.

இரண்டு கணினி, நடுவில் நெட்வொர்க், ஃபைல் என்எஃப்எஸ் வழியாகப் பகிர்ந்தது என்றால் செய்யாதீர்கள். லினக்ஸின் கையேட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், என்எஃப்எஸ்-க்குக் கடைசியில் சேர்ப்பது என்பதே தெரியாது. கடைசி எங்கே என்று கேட்டுவிட்டு அந்த இடத்தில் எழுதுகிறது. கேட்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே அடுத்த மேசை எழுதிவிட்டால் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து ஒருவர் காணாமல் போவார். மேசைக்கு ஒரு ஃபைல் வையுங்கள், சாயங்காலம் சேர்த்துக்கொள்ளலாம். அந்தக் காலத்திலும் மேசைக்கு ஒரு நோட்டுத்தானே.

பிப்ரவரி 13, காலை 6.55

சேர்த்துக்கொள்ளலாம் என்று சுலபமாக எழுதிவிட்டேன். ஒரு இடத்தில் கவனம் வேண்டும்.

எக்செலில் தமிழ் ஒழுங்காகத் தெரிவதற்காக நிறையப் பேர் யூடிஎஃப்-8-சிக் என்ற குறிமுறையில் எழுதுவார்கள், நானும்தான். அது ஃபைலின் தலையில் 239, 187, 191 என்று மூன்று பைட்டை வைக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதே ஃபைலை 'ஏ' போட்டுத் திரும்பத் திரும்பத் திறந்தாலும் பைத்தான் தலையில் ஒரு தடவைதான் வைக்கும், நடுவில் வைக்காது, அந்த அளவுக்கு அதற்குப் புத்தி உண்டு. ஆனால் இரண்டு ஃபைலை அப்படியே ஒன்றின் பின் ஒன்றாக ஒட்டினால் இரண்டாவதன் தலை முதலாவதன் வாலில் வந்து உட்காரும். ஒரு தடவை பெயர்களை அகர வரிசைப்படுத்தினபோது 'அ'-வில் தொடங்கும் ஒரு பெயர் மட்டும் எல்லாவற்றுக்கும் கடைசியில் போய் நின்றது. பெயரை அழித்துவிட்டு அதே பெயரைத் தட்டினால் சரியாகிவிடுகிறது, ஏன் என்று விளங்கவே இல்லை. அரை நாள் கழித்துத்தான் பெயருக்கு முன்னால் அந்த மூன்று பைட் ஒளிந்திருப்பதைப் பார்த்தேன். ஆகவே ஒட்டாதீர்கள், இரண்டாவதை அதே குறிமுறையில் படித்து, வரி வரியாக எழுதுங்கள்.

தலைப்பு வரியும் அப்படித்தான். "எண், பெயர், ஊர், தொகை" என்பதை ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் எழுதினால் நடுநடுவே வந்து நிற்கும். 'ஏ' போட்டுத் திறந்ததும் 'டெல்' என்று, அதாவது எத்தனையாவது பைட்டில் நிற்கிறோம் என்று கேளுங்கள், பூஜ்யம் என்றால் புது ஃபைல், தலைப்பு எழுதுங்கள். வேறு எண் வந்தால் ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

பிப்ரவரி 18, இரவு 11.30

ஒரு வாரமாக ஒன்று மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. மூன்றாம் தேதி "சரியான பாதி" என்று எழுதினதுகூட முழுக்கச் சரியில்லை. 'ஏ' போட்டுத் திறந்தால் பழைய வரி அழியாது என்றேன். 'ஏ' போட்டுத் திறந்த அதே ஃபைலில் 'ட்ரன்கேட்' என்று பூஜ்யத்தைக் கொடுத்துப் பாருங்கள், முழுக்கக் காலியாகும். எழுதும் இடத்தைத்தான் 'ஏ' கட்டிப் போடுகிறது, வெட்டுவதைக் கட்டிப் போடவில்லை. அது கிடக்கட்டும், யாரும் தெரியாமல் ட்ரன்கேட் கூப்பிடப் போவதில்லை. பெரிய ஆபத்து வேறு. நீங்கள் 'ஏ' போட்டு ஒழுங்காக எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு புரோகிராம் அதே ஃபைலை 'டபிள்யூ' போட்டுத் திறக்கலாம். யாரோ எக்செலில் திறந்து பார்த்துவிட்டு மூடும்போது "சேமிக்கவா" என்று கேட்டதற்கு ஆமாம் என்று சொல்லிவிடலாம். 'ஏ' என்பது ஃபைலின் குணம் அல்ல, நீங்கள் திறந்த அந்த ஒரு திறப்பின் குணம். அடுத்தவர் திறப்பதற்கு அது பொறுப்பேற்காது. உங்கள் முதல் கேள்விக்கு நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான் தம்பி.

ஃபைலுக்கே அந்தக் குணத்தைக் கொடுக்க லினக்ஸில் வழி இருக்கிறது. ரூட் பயனராக, அதாவது கணினியின் முழு அதிகாரமும் உள்ளவராக நின்று 'சேட்டர் +ஏ' என்று ஃபைல் பெயரைக் கொடுத்தால், அதன்பின் அந்த ஃபைலை எழுதத் திறக்க 'ஏ' ஒன்றுதான் வழி. 'டபிள்யூ' போட்டால் அனுமதி இல்லை என்று வரும். அழிக்கவும் முடியாது, பெயர் மாற்றவும் முடியாது. கல்யாணம் முடிந்து '-ஏ' கொடுத்து எடுத்துவிடலாம். முதல் தடவை இதைச் செய்துவிட்டு வேண்டுமென்றே 'டபிள்யூ' போட்டுத் திறந்து பார்த்தேன், மறுத்தது. கண்டனூரில் அன்றைக்கு இது தெரிந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 22, மாலை 5.20

இன்று ஐயாவின் பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். ஆல்வீட்டு அலமாரியில் வேட்டித் துணியில் கட்டி வைத்திருக்கிறோம், கட்டைப் பிரித்தால் மஞ்சளும் பாச்சை உருண்டையும் கலந்த வாசம். அவர் சின்ன வயதில் ஒரு கடையில் பெட்டியடிப் பையனாக இருந்து கணக்கு படித்தவர். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கோடு போட்டு அந்தப் பக்கக் கூட்டு எழுதியிருக்கிறார். அடுத்த பக்கத்தின் தலையில் "முன் பக்கக் கூட்டு" என்று அதே தொகை. ஒரு பக்கத்தைக் கிழித்தெடுத்தால் முன்னதும் பின்னதும் ஒட்டாது, உடனே தெரிந்துவிடும். இவ்வளவு நாள் இதைப் பார்த்தும் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

பேருந்திலேயே முடிவு செய்து, வந்து உட்கார்ந்து எழுதிவிட்டேன். ஒவ்வொரு 25 வரிக்கும் புரோகிராம் தானாக ஒரு கூட்டு வரியைச் சேர்க்கும்: இதுவரை எத்தனை பேர், இதுவரை எவ்வளவு தொகை. தொடங்கும்போது கடைசிக் கூட்டு வரியைத் தேடி, அதுவரை உள்ள வரிகளைத் தானே கூட்டிப் பார்க்கும். இடித்தால் எழுத விடாமல் சிவப்பில் சொல்லும். புதுவயலில் 38 வரி போனதை நான் நோட்டைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன், ஃபைலை மட்டும் பார்த்தால் எதுவும் தெரியாது. கடைசிக் கூட்டு வரிக்குப் பின்னால் போனதை இதுவும் கண்டுபிடிக்காது. அதற்குத்தான் எஃப்சிங்க். நடுவில் எங்காவது ஓட்டை விழுந்தால் இது காட்டிக்கொடுக்கும்.

தம்பி, புரோகிராமை உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். பென் டிரைவில் நேராக எழுத வேண்டாம். அது ஃபேட் என்ற ஃபைல் சேமிப்பு முறையில் இருந்தால் 'சேட்டர் +ஏ' அங்கே எடுபடாது. லேப்டாப் வட்டில் எழுதி, பந்திக்குப் பந்தி பென் டிரைவுக்கு ஒரு நகல் எடுங்கள். நகல் எடுப்பதில்தான் 'டபிள்யூ' வரலாம், மூல ஃபைலின் பெயரையும் நகலின் பெயரையும் மாற்றிப் போடாமல் இருந்தால் போதும்.

மார்ச் 9, இரவு 9.40

தேவகோட்டைக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. தம்பி கூப்பிட்டதால் நானும் போயிருந்தேன். அவர் அப்பச்சி நோட்டோடு ஒரு பக்கம், தம்பி லேப்டாப்போடு ஒரு பக்கம், நான் நடுவில் வெறுமனே உட்கார்ந்து கந்தரப்பம் சாப்பிட்டேன். கரண்ட் இரண்டு தடவை போனது. லேப்டாப்பில் பேட்டரி பலவீனம், இரண்டாம் தடவை அணைந்தே போய்விட்டது. எழுந்து வந்ததும் புரோகிராம் கடைசி பைட்டைப் பார்த்தது, 10 இல்லை, ஒரு புதுவரியைச் சேர்த்துக்கொண்டது. ஒரே ஒரு வரி பாதியில் நின்றது. அது எழுதிக்கொண்டிருக்கும்போதே போன வரி, அந்த ஆள் இன்னும் மேசை முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார், மறுபடி கேட்டு எழுதியாயிற்று. திருத்த வரி நாலு. கூட்டு வரி எல்லாம் சரி.

சாயங்காலம் நோட்டையும் ஃபைலையும் வைத்துப் பார்த்தால் நோட்டில் 1000 ரூபாய் அதிகம். பெட்டியில் உள்ள பணம் நோட்டோடு ஒத்துப்போகிறது. எஃப்சிங்க் இருக்கிறது, எண் விடுபடவில்லை, கூட்டு இடிக்கவில்லை, பிறகு எப்படி என்று நானும் தம்பியும் பட்டாலையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக ஒத்துப் பார்த்தோம். அவர் அப்பச்சி கூப்பிட்டு நோட்டின் 11-ஆம் பக்கத்தைக் காட்டினார். "பெயர் எழுதாத கவர் ஒன்று, 1000."

தம்பிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தக் கவரைத் தட்டப் போனாராம், பெயர் இல்லாமல் ஏற்கமாட்டேன் என்று புரோகிராம் சொல்லியிருக்கிறது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாராம். பெயர்ப் பெட்டி காலியாக இருக்கக் கூடாது என்று நான்தான் நிபந்தனை போட்டிருந்தேன். இன்று அதை எடுத்துவிட்டேன். பெயர் காலியாக இருந்தால் "பெயர் இல்லாக் கவர்" என்று தானே எழுதிக்கொள்ளும், பெயர் தெரிந்த பிறகு திருத்த வரியாகச் சேர்த்துக்கொள்ளலாம். புரோகிராமை ஏற்கெனவே வாங்கினவர்கள் புதியதை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கவர் யாருடையது என்று இன்னும் தெரியவில்லை, தம்பியின் ஆத்தா கையெழுத்தை வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறார்.